புள்ளியும் கருத்தும்: திரைப்பட இரசிகர் மதிப்பீடு பற்றிய ஒரு நோக்கு

திரைப்படம் ஒன்றைப் பார்த்து வந்தவரிடம் பாராதவர் கேட்கும் முதல் வினா, "படம் எப்படி?" என்பதாகும். இவ்வினாவிற்கு முன்னைய தலைமுறையினர் வாக்கியத்தால் விடை கூறினர். இற்றைத் தலைமுறையினரோ எண்ணால் விடை கூறுகின்றனர். "பத்துக்கு எட்டு", "ஐந்துக்கு மூன்றரை", "தொண்ணூறு வீதம்" என்னும் தொடர்கள் இளைஞர் நாவிற் சரளமாகப் பயில்கின்றன. படமாளிகை வாயிலை மிதிக்குமுன்னரே படத்தின் புள்ளியை அறிந்து வைத்திருப்போர் பலர். அப்புள்ளியை யார் இட்டனர், எவ்வகையால் இட்டனர், எந்த வினாவிற்கு விடையாக இட்டனர் என வினாவுவோரோ மிகச் சிலர். அவ்வினாக்களை எழுப்பி, அறியக்கூடிய விடைகளைத் தொகுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்படைப்புகளைத் தரம் பிரித்துக் காணும் விருப்பம் புதியதன்று. இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டபோது, எவ்வுரை சிறந்தது எனத் துணிதற்கு உருத்திரசன்மன் என்னும் சிறுவனை நடுவனாக இருத்தினர் என அந்நூலுரையின் முகப்பிலே ஒரு வரலாறு கூறப்படுகின்றது. அவன் ஐந்தாட்டைப் பருவத்தினன், வாய் பேசாதவன். மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களிற் கண்ணீர் உகுத்தான். நக்கீரனார் உரையைக் கேட்டபோதோ சொல்தோறும் கண்ணீர் வாரவும் மெய்ம்மயிர் சிலிர்ப்பவும் இருந்தான். அதனால் நக்கீரனார் உரையே மெய்யுரை எனத் துணியப்பட்டதாம். வரலாறு என்ற அளவில் இதனை எவ்வாறு கொள்ளினும், இதிற் பொதிந்துள்ள கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. சுவைப்போனின் மெய்ப்பாடே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. ஆயின், அவன் அதற்குக் காரணம் கூறினானல்லன். இன்றைய இரசிகன் இடும் புள்ளியும் அத்தகைய ஒரு மெய்ப்பாட்டின் குறியே என்க.

திரைப்படத்திற்கு நட்சத்திரக் குறியால் தரம் இடும் வழக்கம் அமெரிக்க நாளிதழ் ஒன்றிலே தோன்றியது. 1928ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள், நியூ யோர்க் நகரின் 'டெய்லி நியூஸ்' இதழில் ஐரீன் திரர் என்னும் பெண் விமர்சகர் 'த போட் ஒஃவ் மிஸ்ஸிங் கேர்ள்ஸ்' என்ற படத்திற்கு ஒரு நட்சத்திரம் இட்டு இம்முறையைத் தொடக்கினார். மூன்று நட்சத்திரம் மிகச் சிறந்த படத்தையும், இரண்டு நல்ல படத்தையும், ஒன்று நடுத்தரமான படத்தையும் குறித்தன. நட்சத்திரமே இல்லையெனின் படம் தீது என்பது பொருள். இங்கே கவனிக்க வேண்டியது யாதெனின், இக்குறிகளுக்கு முன்கூட்டியே பொருள் வரையறுக்கப்பட்டிருந்தமையாகும். பிரான்சிலே 1951இல் தோன்றிய 'கையே து சினிமா' என்னும் திங்களிதழ் இதனை மேலும் தெளிவாக்கிற்று. பத்து விமர்சகரின் குறிகளை ஒரே அட்டவணையில் அவ்விதழ் வெளியிட்டது. ஒரு கரும்புள்ளி, வீட்டை விட்டுப் புறப்படவே வேண்டா என்பதைக் குறிக்கும். ஒரு நட்சத்திரம், வேண்டுமாயிற் பார்க்கலாம். இரண்டு, பார்க்க வேண்டும். மூன்று, கட்டாயம் பார்க்க வேண்டும். நான்கு, தலைசிறந்த படைப்பு. வாசகன் குறியைக் கண்டவுடன் அது தனக்குச் சொல்லப்பட்ட அறிவுரை என உணர்ந்தான். பத்து விமர்சகரும் ஒருவரோடொருவர் முரண்படுவதையும் அவ்வட்டவணையிலேயே கண்டான். பத்துக் கருத்தையும் கலக்கி ஒரே எண்ணாக்கும் வழக்கம் அன்று எழவில்லை.

எண் ஒன்றாயினும் அதன் மதிப்பு இடத்துக்கிடம் வேறுபடும். ஆசிரியத் தொழில் செய்வோர் இதனை நன்கறிவர். ஒரே விடைத்தாளுக்கு ஒரு பரீட்சகர் நாற்பத்தைந்தும் இன்னொருவர் அறுபதும் இடக்கூடும் என்பதனாலேயே புள்ளித்திட்டம் வகுக்கப்படுகின்றது. திரைப்படத்திற்கு அத்தகைய பொதுத்திட்டம் இல்லை. தமிழகத்து 'ஆனந்த விகடன்' இதழ் திரைப்படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளி வழங்கி வந்தது. நாற்பதுகளிற் புள்ளி பெற்ற படத்தையே அதன் வாசகர் பார்க்கத்தக்கதாகக் கொண்டனர். 1977இல் வெளிவந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' பெற்ற 62.5 புள்ளி, அவ்விதழ் வழங்கிய மிக உயர்ந்த புள்ளிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. இவ்வழக்கை அறியாத ஒருவர் அதனைப் பத்துக்கு ஆறேகால் என மாற்றிக் கணித்து, "இடைத்தரமான படம்போலும்" என ஒதுக்கிவிடுதல் கூடும். எண்ணிற் பிழையில்லை, எண்ணைப் பிடுங்கி அயல் நிலத்தில் நட்டதே பிழையாகும்.

சிக்காகோ நகரின் இரு நாளிதழ்களிற் போட்டி விமர்சகராயிருந்த ஜீன் சிஸ்கெல், றோஜர் ஈபேட் ஆகிய இருவரும் 1975 முதல் தொலைக்காட்சியில் ஒன்றாகத் தோன்றிப் புதிய படங்களைப் பற்றி வாதிட்டனர். 1980களில் அவர்தம் பெருவிரல் மேல்நோக்கினாற் படம் ஏற்கப்பட்டது, கீழ்நோக்கினால் மறுக்கப்பட்டது என்னும் குறி அமெரிக்கா எங்கும் பரவியது. பெருவிரலையே பலர் நினைவிற் கொண்டனராயினும், அந்நிகழ்ச்சியின் உயிர் அதற்கு முன் நிகழ்ந்த வாதத்திலேயே இருந்தது. ஈபேட் தம் நாளிதழில் நான்கு வரை நட்சத்திரம் இட்டார். அவை ஒப்பீட்டுக் குறிகளே என்பது அவர் கொள்கை. நகைச்சுவைப் படத்தை நகைச்சுவைப் படங்களோடும் சாகசப் படத்தைச் சாகசப் படங்களோடும் ஒப்பிட்டே தரமிடல் வேண்டும் என்றார். ஆகவே, இருவேறு வகைப் படங்கள் பெற்ற மூன்று நட்சத்திரங்கள் தம்முள் சமமாவன அல்ல.

ஏற்பு, மறுப்பு என்னும் அவ்விரு குறியையே பெருந்தொகையாகத் திரட்டுவது 'றொற்றன் ரொமாற்றோஸ்' என்னும் இணையத்தளம். அழுகிய தக்காளிகள் எனப் பொருள்படும் இப்பெயர், நடிப்பை வெறுத்த அவையோர் மேடைமீது தக்காளி வீசிய பழைய வழக்கை நினைவூட்டும். கலிபோர்னியாவைச் சேர்ந்த செங் டுவோங் என்னும் இளைஞர், தாம் பெரிதும் விரும்பிய ஜாக்கி சான் படங்களைப் பற்றிய விமர்சனங்களை ஓரிடத்திற் சேர்க்கும் ஆவலால் 1998இல் இதனைத் தொடக்கினார். இதில் வரும் நூற்றுவீதம் பலராற் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுகின்றது. படம் எத்துணைச் சிறந்தது என்பதை அது கூறுவதில்லை. விமர்சகருள் எத்தனை வீதத்தினர் படத்தை ஏற்றனர் என்பதையே கூறுகின்றது. அறுபது வீதமும் அதற்கு மேலும் பெற்றாற் புதிய தக்காளி, குறைந்தால் அழுகிய தக்காளி.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். பத்து விமர்சகரும் ஒரு படத்தை "பரவாயில்லை, பார்க்கலாம்" எனக் கருதிப் பத்துக்கு ஆறு இடுகின்றனர் எனக் கொள்வோம். பதின்மரும் ஏற்றமையால் அப்படம் நூறு வீதம் பெறும். வேறொரு படத்திற்கு எழுவர் பத்துக்குப் பத்தும் மூவர் ஐந்தும் இடுகின்றனர். மூவர் மறுத்தமையால் அது எழுபது வீதமே பெறும். சராசரி பார்ப்பின் முதற்படத்திற்கு 6, இரண்டாவதற்கு 8.5. எவரையும் முகஞ்சுளிக்கச் செய்யாத படம் நூறு வீதம் பெறுகின்றது. எழுவரை ஆட்கொண்டு மூவரை அலைக்கழித்த படம் அதற்குக் கீழே நிற்கின்றது. புதுமை செய்யும் கலைஞன் எப்பொழுதும் சிலரை அலைக்கழிப்பவனே ஆதலின், நூறு வீதத்தை நிறைவின் அறிகுறியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

விமர்சகரை விடுத்து மக்களை வினாவும் முறையும் உண்டு. லாஸ் வேகாஸ் நகரைச் சேர்ந்த எட் மின்ட்ஸ் என்பவர் தொடக்கிய 'சினிமாஸ்கோர்' நிறுவனம், படம் வெளியாகும் முதல் இரவிலே பார்வையாளரிடம் சிறு வாக்கட்டைகளைக் கொடுத்துத் தரம் கேட்கின்றது. பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைபோல 'ஏ பிளஸ்' தொடங்கி 'எஃப்' வரை தரங்கள் உள்ளன. முதல் இரவிற் செல்வோர் விளம்பரத்தால் ஈர்க்கப்பட்டு, ஏதோ ஒன்றை எதிர்பார்த்துச் செல்வோர். எனவே, "நீர் எதிர்பார்த்தது கிடைத்ததா?" என்னும் வினாவிற்கே அவர் விடை இறுக்கின்றனர். டரன் அரனோவ்ஸ்கி இயக்கிய 'மதர்!' என்னும் படம் 2017இல் இவ்வாறு 'எஃப்' தரம் பெற்றது. அதே படத்தை விமர்சகருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றிருந்தனர். அச்சுறுத்தும் பேய்க்கதை காணச் சென்றோர்க்கு உருவகக்கதை ஒன்று காட்டப்பட்டமையே இம்முரணின் பெருங்காரணம் எனலாம். இரண்டு அளவைகளும் தத்தம் வினாவிற்கு நேர்மையாகவே விடை கூறின. வினாக்கள் வேறு என்பதை அறியாதார்க்கே அவை ஒன்றையொன்று பொய்யாக்குவனபோலத் தோன்றும்.

இனி, இன்று உலகெங்கும் மிகுதியாக எடுத்தாளப்படும் 'ஐ. எம். டி. பி.' புள்ளியை நோக்குவாம். இங்கிலாந்தைச் சேர்ந்த கொல் நீடம் என்னும் திரைப்பட ஆர்வலர், இரசிகர்கள் திரட்டிய பட்டியல்களைக் கணினியிலே தேடத்தக்கவாறு 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒழுங்குபடுத்தியமையே இதன் தோற்றம். 1998இல் அமேசன் நிறுவனம் இதனை வாங்கிற்று. இங்கே இரசிகர் ஒவ்வொருவரும் ஒன்று முதற் பத்து வரை புள்ளி இடலாம். வெளியிடப்படும் எண் எளிய சராசரியன்று. வாக்குகளுக்கு எடை கற்பித்துக் கணித்த சராசரியாகும். அவ்வெடை எவ்வாறு கற்பிக்கப்படுகின்றதென்பதை நிறுவனம் முற்றாக வெளியிடுவதில்லை.

தலைசிறந்த 250 படங்கள் என அது தொகுக்கும் வரிசைக்கு மட்டும் ஒரு சூத்திரம் வெளியிடப்பட்டுள்ளது. அச்சூத்திரம் கணித அறிவுக்கு இனியது. படத்தின் சொந்தச் சராசரியையும் எல்லாப் படங்களுக்கும் உரிய பொதுச் சராசரியையும் அது கலக்கின்றது. வாக்குகள் குறைவாயிற் பொதுச் சராசரிக்கு எடை மிகும். வாக்குகள் பெருகப் பெருகச் சொந்தச் சராசரி ஓங்கும். வரிசையில் இடம்பெற ஆகக் குறைந்தது 25,000 வாக்குகள் வேண்டும். பொதுச் சராசரி 7 எனக் கொள்வோம். சராசரி 9 பெற்ற ஒரு படத்திற்கு 25,000 வாக்குகளே விழுந்திருப்பின், இரண்டும் சமபங்கிற் கலந்து அதன் கணிப்பு 8 ஆகும். 225,000 வாக்குகள் விழுந்திருப்பின், பத்தில் ஒன்பது பங்கு சொந்தச் சராசரியாகி 8.8 ஆகும். சிலர் கூறும் பெரும் புகழை உடனே நம்பிவிடாது, பலர் கூறும்வரை பொறுத்திருக்கும் முதியோரின் நிதானம் இச்சூத்திரத்தில் அமைந்துள்ளது.

அந்நிதானம் வேண்டப்படுவதற்குத் தமிழ்ப்படம் ஒன்றே சான்றாகும். த. செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' 2021 நவம்பரில் வெளியானபோது, சில நாட்களுள் 9.6 என்னும் புள்ளியைப் பெற்று, 9.3 பெற்றிருந்த அமெரிக்கப் படமாகிய 'த ஷோஷாங்க் றிடெம்ஷன்' என்பதனையும் கடந்தது. தமிழ் கூறும் நல்லுலகம் பெருமிதங்கொண்டது இயல்பே. பின்னர் வாக்குகள் பெருக அப்புள்ளி ஒன்பதிற்குக் கீழே இறங்கிற்று. இதனாற் படம் சிறுமையுற்றது என்பார் அறியாதார். முதல் நாட்களில் வாக்களிப்போர் அப்படத்தைத் தேடிச் சென்று பார்த்தோர். அதன் நீதியுணர்ச்சியிற் கலந்தோர். பின்னர் வந்தோர் பல திறத்தினர். படம் மாறவில்லை, வாக்களிப்போர் கூட்டமே மாறிற்று.

கூட்டம் மாறுதல் இயற்கை. கூட்டம் திட்டமிட்டுத் திரளுதலோ நோயாகும். 2008 யூலையில் 'த டார்க் நைற்' என்னும் படம் மேற்கூறிய வரிசையின் முதலிடத்திற்கு ஏறியது. அதனை ஏற்றுவதற்காக, முன்னர் உயர்ந்து நின்ற 'த கோட்ஃபாதர்' படத்திற்குச் சிலர் வேண்டுமென்றே ஒரு புள்ளி இட்டனர். இதனினும் இரங்கத்தக்கது படம் வெளிவருமுன்னரே அதனைத் தாழ்த்துதல். 2019 மார்ச்சு 8ஆம் நாள் வெளியாகவிருந்த 'கப்டன் மார்வெல்' படத்தின்மீது, பெண்ணொருத்தியைத் தலைமைப் பாத்திரமாக்கியதை விரும்பாதோர் முன்கூட்டியே தாக்குதல் நடத்தினர். றொற்றன் ரொமாற்றோஸ் அவ்வாண்டு பெப்ரவரியிலே, வெளிவராத படங்களைப் பற்றிக் கருத்திடும் வசதியை நீக்கிற்று. மே மாதத்தில், நுழைவுச்சீட்டு வாங்கியமை உறுதிப்படுத்தப்பட்டோரின் புள்ளியை வேறாகக் காட்டத் தொடங்கிற்று. பாராத படத்திற்குப் புள்ளி இடுவோன், விடைத்தாளைப் பிரிக்காமலே மாணவனைச் சித்தியடையாதவனாக்கும் பரீட்சகனை ஒப்பான்.

காலமும் ஒரு நடுவன் என்பதை மறத்தலாகாது. மேலே கூறிய 'த ஷோஷாங்க் றிடெம்ஷன்' 1994இல் வெளிவந்தபோது படமாளிகைகளில் வசூல் காணவில்லை. ஒஸ்கார் விருதுக்கு ஏழு பிரிவுகளிற் பெயர் குறிக்கப்பட்டும் ஒன்றேனும் பெறவில்லை. பின்னர் ஒளிநாடாவிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தோர் ஒருவர்க்கொருவர் எடுத்துச் சொல்லவே அது பரவி, 2008 முதல் இரசிகர் வரிசையில் நெடுங்காலம் முதலிடம் வகித்தது. விமர்சகர் தீர்ப்பும் அத்தகையதே. பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் 'சைற் அன்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகரிடம் வாக்குக் கேட்கின்றது. அவ்வாண்டில் 'பைசிக்கிள் தீவ்ஸ்' முதலிடம் பெற்றது. 1962 முதல் 2002 வரை 'சிற்றிசன் கேன்' அவ்விடத்தில் நின்றது. 2012இல் ஹிட்ச்கொக்கின் 'வேட்டிகோ' முன்னேறியது. 2022இல் சாந்தால் அக்கர்மன் என்னும் பெண் இயக்குநரின் 'ஜான் டீல்மன்' முதலாயிற்று. 'வேட்டிகோ' வெளிவந்தது 1958இல். முதற் பத்துள் இடம்பெற்றதோ 1982இல். முதல் வாரப் புள்ளியே இறுதித் தீர்ப்பெனின், இப்படங்களுள் இரண்டேனும் மறக்கப்பட்டிருக்கும்.

இவ்வாறு கூறியதனாற் புள்ளியிடுதலே தீது என்பது எமது கருத்தன்று. ஆண்டுதோறும் வெளிவரும் படங்களோ எண்ணிறந்தன. நமக்குள்ள மாலைப்பொழுதுகளோ சில. எதனைப் பார்ப்பது எனத் தெரிவு செய்தற்கு ஒரு கைகாட்டி வேண்டும். விளம்பரத்திற்குப் பணமில்லாத சிறிய படத்தை, முன்பின் அறியாத இரசிகர் பலர் சேர்ந்து உயர்த்தி உலகறியச் செய்தலும் உண்டு. 2011இல் நியூசிலாந்தில் தொடங்கப்பட்ட 'லெற்றர்பொக்ஸ்ட்' என்னும் தளத்திலே இரசிகர் தாம் பார்த்த படங்களை நாட்குறிப்புப்போலத் தேதியிட்டுப் பதிந்து, அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடுகின்றனர். ஒரே படத்தைப் பத்தாண்டு கழித்து மீண்டும் பார்த்து வேறு புள்ளி இடுவோன், தன் சுவை வளர்ந்தவாற்றைத் தானே அளந்தறிவான். தன்னைத் தான் அறிதற்குப் பயன்படும் எண் நல்ல எண்ணே.

ஆயின், வகுப்பறையிலே யாம் காண்பது வேறொன்று. அண்மையிற் பார்த்த படத்தைப் பற்றிப் பத்து வரி எழுதுக என்றால், மாணவர் பலர் முதல் வரியிலே புள்ளியை எழுதுவர். "ஏன் எட்டு?" என வினவின், "எல்லோரும் எட்டுத்தான் குடுத்திருக்கினம், சேர்" என்பது விடை. தன் கண்ணாற் கண்டதற்குப் பிறர் எண்ணைச் சான்றாகக் காட்டும் பழக்கம் கலைச்சுவையோடு நிற்பதன்று. நாளை செய்தியை ஆராயும்போதும், தேர்தலில் வாக்களிக்கும்போதும் அவ்வாறே, "எல்லோரும்" என்னும் சொல்லின்பின் ஒளிய அது பழக்கிவிடும். அன்றியும், எண்ணோடு எண் வாதிட இயலாது. ஒருவன் எட்டு என்றும் மற்றொருவன் ஐந்து என்றும் கூறின், உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். இறுதிக் காட்சி கதையோடு ஒட்டவில்லை என ஒருவன் கூறின், ஒட்டுகின்றது என மற்றவன் காரணம் காட்டலாம். இருவருள் ஒருவர் மனம் மாறுதலும் கூடும். மனம் மாறக்கூடிய இடத்திலேயே கல்வி நிகழ்கின்றது.

எனவே, படம் பார்த்துக் கருத்துரைப்போர் நான்கு செய்திகளைக் கூறுதல் நன்று. முதலாவது, அப்படம் எதனைச் செய்ய முயன்றது என்பது. சிரிக்கவைக்க வந்த படத்தைச் சிந்திக்கவைக்கவில்லை எனப் பழித்தல் நீதியன்று. இரண்டாவது, அதனை எவ்வாறு செய்தது என்பது. இதற்கு ஒரு காட்சியையேனும் எடுத்துக்காட்டல் வேண்டும். "நடிப்பு நன்று" என்பது வெறும் தீர்ப்பு. மகன் இறந்த செய்தி கேட்ட தாய் அழாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள் எனக் காட்டுவதே சான்று. மூன்றாவது, பார்த்தவனின் நிலை. எத்தகைய படங்களை விரும்புபவன், எந்த எதிர்பார்ப்போடு சென்றான் என்பதைக் கேட்போன் அறிந்தாலன்றித் தனக்கு அது பொருந்துமா எனத் துணிய மாட்டான். நான்காவது, சில நாள் கழிந்தபின் நெஞ்சில் எஞ்சியது யாது என்பது. இந்நான்கையும் கூறியபின் புள்ளி இடினும் நன்று. இடாது விடினும் குறைவில்லை.

இவற்றைக் கூறுங்கால் ஓர் அறமும் பேணப்படுதல் வேண்டும். கதையின் மறைபொருளை வெளியிடுதல், அடுத்தவன் இன்பத்தைக் களவாடுதலாகும். 1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாது என ஹிட்ச்கொக் படமாளிகைகளைக் கட்டுப்படுத்தினார். முடிவைப் பிறர்க்குச் சொல்ல வேண்டா எனப் பார்வையாளரையும் வேண்டிக்கொண்டார். முடிவைக் கூறாமலே முடிவின் சிறப்பை உணர்த்துதல் மொழித்திறனுக்கு ஒரு நல்ல பயிற்சி. மாணவர் அதனை விளையாட்டாகவேனும் பயிலலாம்.

உருத்திரசன்மனின் கண்ணீரை இன்று எவரும் காண இயலாது. அக்கண்ணீரால் உயர்ந்ததெனக் கூறப்படும் உரையோ நம் கையில் இருக்கின்றது. அது மெய்யாகவே உயர்ந்ததா என நாமே கற்றுத் துணியலாம். அச்சிறுவன் வாய் பேசாதவன். ஆதலின் கண்ணீரும் மயிர்ச்சிலிர்ப்புமே அவன் தீர்ப்பாயின. நமக்கோ நாவும் உண்டு, அந்நாவுக்கு நெடிய வரலாறுடைய ஒரு மொழியும் உண்டு. பத்து விரலை உயர்த்திக் காட்டி அமைந்துவிடாது, "இன்ன காரணத்தால் இப்படம் எனக்குப் பிடித்தது" எனத் தொடங்கி ஒரு வாக்கியமேனும் நாமே ஆக்கிக் கூறுவோமாக.